அரைச் சுற்று

ஏறாவூரில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டை உசனார் ஹாஜியாரின் வீடு என்றுதான் ஊரார் சொல்வார்கள். உசனாரின் காதில் விழுந்தால் அதை உடனே திருத்துவார். "என்ட வீடில்ல, மகள்ட வீடு" என்பார். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியைத் தாண்டி, மதிலோடு ஒட்டி நிற்கும் ஒற்றை அறையைக் கையால் காட்டுவார். "நான் அங்கால."

எங்கள் பக்கத்தில் இது புதினமான கதை இல்லை. பெண் பிள்ளை பிறந்த கையோடு தகப்பன் அத்திவாரக் கல்லுக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கட்டிக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட வேண்டும். இதற்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. கடமை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். உசனாரும் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கைக்குக் கீழே அவருக்கு ஒரு சின்ன வலி இருந்தது. அந்த வலிக்குப் பெயர் ஹோம் தியேட்டர் செட்.

வாலிப காலம் முழுவதையும் உசனார் சவூதியில், தம்மாமில் ஒரு வீட்டு டிரைவராகக் கழித்தவர். வீட்டு டிரைவருக்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுப்பார்கள். கட்டில் ஒன்று, குளிர்காற்று மெஷின் ஒன்று, சுவரில் ஆணி ஒன்று. ஓட்டம் இல்லாத பின்னேரங்களில் அந்தக் கட்டிலில் இருந்தபடி பெரிய வீட்டின் முன்கூடமான ஹோலில் இருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பந்தாட்டம் நடக்கும். திடீரென்று வீடே எழுந்து கத்தும். முதலாளியின் தாய்க்கிழவிகூடக் கத்துவாள். உசனாருக்கு யார் அடித்தது, எந்தப் பக்கம் வென்றது என்று எதுவும் விளங்காது. ஒரு நாள் சோபாவை நகர்த்த ஆள் வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டார்கள். அப்போதுதான் கண்டார்: சோபாவைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், மூலையில் குந்தியிருக்கும் பெரிய பெட்டி ஒன்று. அன்றைக்கு மனைவி ஸஹீதாவுக்கு டெலிபோன் எடுத்தவர் சுகம்கூட விசாரிக்கவில்லை. "நடுவுல இருந்தா நாலு பக்கமும் மழ பெய்யிற மாதிரிக் கேக்குது கா. நம்மட ஹோல்லயும் பூட்டணும். எல்லாரும் சுத்தி இருந்து பாக்கணும்" என்றார்.

சொன்னபடி செய்தார். வீடு எழும்பியபோது சுவருக்குப் பூச்சு வைக்கும் முன்னரே ஸ்பீக்கர் வயர்களைக் குழாய்க்குள் விட்டு சுவருக்குள் புதைக்க வைத்தார். மேசன் சிரித்தான். ஸஹீதா சிரிக்கவில்லை. "சுவத்துக்குள்ள பொதைச்சிட்டுப் பழுதாப் போனா என்ன செய்யிற?" என்று கேட்டாள். "அது பழுதாகாது" என்றார் உசனார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கீழே சுவரில் ஒரு சின்னப் பெட்டி. வயர் நுனியைப் பிடித்துவைக்க அதற்குள் இரண்டு திருகாணிகள். அந்தக் காலத்தில் வயர் இல்லாத செட் என்று ஒன்று இருந்ததா என்பதே அவருக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் அந்த விலைக்கு ஒரு டிரைவரின் சம்பளம் எட்டியிராது.

ஊருக்கே வந்து சேர்ந்த பிறகு மனிதர் தன் ஹோலின் நடுவில் குந்தியிருந்து பார்த்தது கொஞ்சக் காலம்தான். மகள் நிஸ்மியாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. ஓட்டமாவடிப் பொடியன், பெயர் இஷாம், அரிசி ஆலையொன்றில் கணக்குப் பார்க்கிறவன், குணமான பிள்ளை. கலியாணத்தன்று உசனார் சாவியைக் கொடுத்தார். சாவியோடு சுவரும் போனது, சுவருக்குள் இருந்த வயரும் போனது. அவரும் ஸஹீதாவும் கிணற்றடிக்கு அப்பால் கட்டிய அறைக்குப் போனார்கள்.

ஸஹீதா இருந்த வரைக்கும் அவருக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை. அவள் வாய் ஓயாது. முன்வீட்டில் என்ன சமையல், மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும், பேத்தி ஹிக்மாவுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று அந்த வீட்டுச் செய்தியெல்லாம் அவள் மூலம் பின்னறைக்கு வந்துவிடும். அவள் மெளத்தான பிறகு செய்தி நின்றுபோனது. நிஸ்மியா நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து மூடிவைப்பாள். "வாப்பா, சூட்டோட தின்னுங்க" என்பாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள்; அவளுக்கும் வேலை தலைக்கு மேலே. நின்று கதைக்க நேரம் இல்லை.

ஹோலுக்கு வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் மாமனார் என்பவர் மாப்பிள்ளை சாய்ந்திருக்கும் இடத்துக்குச் சும்மா போகமாட்டார். மாப்பிள்ளை வேலையால் வந்து சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காலை நீட்டிக் கிடப்பார். மாமனாரைக் கண்டால் அடித்துப்பிடித்து எழும்புவார். மாமனார் போகும் வரைக்கும் இருக்கமாட்டார், நின்றபடியே நிற்பார். மரியாதைதான். இரண்டு பக்கமும் மரியாதை, அதனால் இரண்டு பக்கமும் இடைஞ்சல். உசனார் தானும் மாப்பிள்ளையாக இருந்தவர்தானே. ஸஹீதாவின் வீட்டில், லீவில் வந்து நின்ற காலங்களில், அவளுடைய வாப்பா பின்பக்கக் குடிசையில்தான் இருந்தார். அந்த மனிதர் ஒரு நாளாவது முன்வீட்டில் வந்து இருந்தாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறார்; ஒரு நாளும் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்று உசனாருக்கு அப்போது தோன்றவும் இல்லை. அதனால் இஷாமைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது.

பகலில் வீடு வெறிச்சென்று கிடக்கும். அப்போது போய் ஹோலில் தாராளமாக இருக்கலாம். ஒரு தரம் போயும் இருந்தார். டீவியைப் போட்டார். ஐந்து ஸ்பீக்கரும் சுற்றி நின்று அவருக்கு மட்டும் செய்தி வாசித்தன. அது இன்னும் மோசமாக இருந்தது. நிறுத்திவிட்டு அறைக்கே வந்துவிட்டார்.

அப்படி நாள்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நிஸ்மியா கிணற்றடியில் நின்று கூப்பிட்டாள். "வாப்பா, யன்னலடி ஸ்பீக்கர்ல சத்தம் வருதில்ல. ஒருக்கா வந்து பாருங்களன்."

எங்கள் வாவி கடலோடு கலக்கிற வாவி; அதன் காற்றில் வரும் உப்பு செம்பைச் சும்மா விடாது. வயரின் நுனி பச்சை பூத்துப் போயிருந்தது. உசனார் தரையில் சம்மணம் போட்டு இருந்துகொண்டு, பச்சை பூத்த துண்டை வெட்டி, புதிதாகச் சீவி, திருகாணியில் மாட்டினார். இஷாம் பக்கத்தில் குந்தி, போனில் வெளிச்சம் அடித்துப் பிடித்துக்கொண்டான். மாமனும் மருமகனும் அவ்வளவு கிட்ட இருந்தது அதுதான் முதல் தடவை. வேலை நடக்கும்போது மரியாதைக்கு இடம் இல்லைபோலும். இருவருக்கும் கூச்சம் வரவில்லை. ஹிக்மா மூத்தாப்பாவின் முதுகில் தொங்கிக்கொண்டு, "இதென்ன? இது ஏன் பச்சை?" என்று நோண்டினாள். நிஸ்மியா தேத்தண்ணியும் கடிக்கப் பனங்காரமும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சத்தத்தைச் சரிபார்க்க வேண்டுமே. "மாமா, நடுவுல இருந்து பாருங்க, அஞ்சிலயும் ஒரே அளவா வருதா எண்டு" என்று இஷாமே சோபாவைக் காட்டினான். உசனார் இருந்தார். ஹிக்மாவின் கார்ட்டூன் ஓடியது. வாத்து ஒன்று இடப்பக்கம் கத்தி, வலப்பக்கம் ஓடி, அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்த் தண்ணீரில் விழுந்தது. நான்கு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் உசனார் அங்கேயே இருந்தார்.

அறைக்குத் திரும்பியபோது மனிதருக்கு வாயெல்லாம் பல். ஸஹீதா இருந்திருந்தால் என்ன விசேஷம் என்று கேட்டிருப்பாள்.

அடுத்த வெள்ளி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. உசனார் கிணற்றடியில் தேவையில்லாமல் நின்றார். வாளியைக் கழுவினார், கழுவிய வாளியைத் திரும்பவும் கழுவினார். ஹோலில் இருந்து ஐந்து ஸ்பீக்கரும் ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தன. தான் எவ்வளவு நன்றாகத் திருத்தியிருக்கிறோம் என்று அவருக்கே எரிச்சலாக வந்தது.

கடைசியில் வாவிக் காற்றே கைகொடுத்தது. இன்னொரு ஸ்பீக்கர் ஊமையானது. அதே தரை, அதே போன் வெளிச்சம், அதே தேத்தண்ணி. உசனார் நுனியைச் சீவி மாட்டினார். திருகாணியை நன்றாக இறுக்கினார். இறுக்கிவிட்டு ஒரு கணம் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு, காதும் காதும் வைத்தாற்போல, அதை அரைச் சுற்றுத் திருப்பி விட்டார்.

பெரிய களவு ஒன்றும் இல்லை. அரைச் சுற்றுத் தளர்ந்த திருகாணியில் வயர் உடனே கழன்றுவிடாது. பெரிய பெட்டி உறுமும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். சில நாளில் சத்தம் விட்டுவிட்டு வரும். பிறகு நின்றுபோகும். நிஸ்மியா கிணற்றடிக்கு வருவாள். "வாப்பா, ஒருக்கா வாங்களன்." உசனார் நோகாமல், "திரும்பவும் பழுதாப் போச்சா?" என்று வியந்துகொண்டே, அலுமாரிக்குள் தயாராக வைத்திருக்கும் ஸ்குரூ ட்ரைவரைத் தேடுவதுபோல் தேடி எடுத்துக்கொண்டு போவார். இஸ்திரி போட்ட சேட்டும் போட்டுக்கொள்வார். வயர் திருத்த இஸ்திரி போட்ட சேட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இப்படியே மாரியும் போய்க் கோடையும் வந்தது. நோன்பு மாதத்தில் அதிகாலைக் குர்ஆன் கிராஅத் நடுவில் ஒருமுறை நின்றபோது மட்டும் அவர் தொழுகைப் பாயில் கூடுதல் நேரம் இருந்தார். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஸ்பீக்கரை மட்டும் ஒழுங்காக இறுக்கினார். மற்ற நான்கும் முறைவைத்துப் பழுதாகிக்கொண்டிருந்தன.

மனிதர் கணக்கில் விட்ட பிழை ஒன்றுதான். அடிக்கடி பழுதாகிற பொருளை வீட்டுக்காரர் திருத்திக்கொண்டே இருக்கமாட்டார், மாற்றிவிடுவார் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு நாள் இஷாம் பின்னறை வாசலில் வந்து நின்றான். மாப்பிள்ளை பின்னறைக்கு வருவது அபூர்வம். உசனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். அவன் இருக்கவில்லை.

"மாமா, நாளைக்கு நேரம் இரிக்கா? ஓட்டமாவடிக்குப் போய் வருவம். செட் ஒண்டு பாக்கணும்."

"என்னத்துக்கு மகன் புது செட்? இருக்கிறதே நல்ல சாமான்தானே. தம்மாம்ல எடுத்த."

"சாமான் நல்லம் மாமா. சுவத்துக்குள்ள வயர்தான் சரியில்ல. வயரில்லாத செட் போடுவம்."

உசனாருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஓட்டமாவடிச் சந்தியில், பொலநறுவை பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஹலீமின் கடை. ஹலீம், இஷாமோடு ஒன்றாகப் படித்தவன். கடைக்குள் நுழையும்போதே உசனார் முடிவோடு இருந்தார்: வயர் செட்டைத்தான் வாங்க வைக்க வேண்டும். எந்த விஷயத்திலும் வாய் திறக்காத மனிதர் அன்றைக்கு வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்டார்.

"வயர் உள்ள செட் என்ன விலை, வயர் இல்லாதது என்ன விலை? அதச் சொல்லுங்க முதல்ல."

ஹலீம் ஒளிக்கவில்லை. "வயர் இல்லாதது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும் ஹாஜியார். அதே சல்லிக்கு வயர் செட் எடுத்தா இன்னும் நல்ல சத்தம் எடுக்கலாம். உண்மையைச் சொல்லணும்தானே."

"கேட்டீங்களா மகன்?" உசனாருக்கு உச்சி குளிர்ந்தது. "சரி. வயரே இல்லையெண்டா ஸ்பீக்கருக்குக் கரண்ட் எங்கால வாற?"

"ஒவ்வொண்டையும் பிளக்குல குத்தணும்."

"அப்ப அஞ்சு ஸ்பீக்கருக்கும் அஞ்சு வயர் போகுதுதானே! இதென்ன வயரில்லாத செட்?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஹலீமும் சிரித்தான். "அது சரிதான் ஹாஜியார். கரண்ட் வயர் இரிக்கி. சத்தம் போற வயர்தான் இல்ல. ஆனா ஒங்கட வீட்டுல வயர் செட் போடுற எண்டா சுவர உடைக்கணும். பழைய வயர உருவி எடுக்கேலா, இறுகிப் போயிரிக்கும். மேசன், சீமெந்து, பிறகு ஹோலுக்கு முழுசாப் பெயின்ட். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரெண்டும் ஒரே விலைதான் வரும்."

"சுவர நான் உடைப்பன். நானே பூசுவன். மேசனும் வேணாம், பெயின்ட்காரனும் வேணாம். கூலியில்லாத வேலை. அப்ப எது மலிவு?"

இதைச் சொல்லும்போது உசனார் மனசுக்குள் அந்த வேலையைச் செய்யவே தொடங்கிவிட்டார். சுவரைப் பொளிய ஒரு கிழமை. வயர் இழுக்க, பூச, காய, பெயின்ட் அடிக்க என்று மாதம் ஒன்று ஓடிவிடும். மாதம் முழுக்க ஹோலில். ஹிக்மா தூசுக்குள் நிற்பாள், போ புள்ள என்று விரட்ட வேண்டியிருக்கும். நினைக்கவே இனித்தது.

இஷாம் அவருடைய கையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கதைத்தான்.

"மாமா, சல்லியப் பத்தி யோசிக்காதீங்க. நான் ஏன் மாத்துற எண்டு தெரியுமா? மாசத்துல எத்தன தரம் ஒங்களக் கூப்பிடுறம்! இந்த வயசுல நிலத்துல முழங்கால மடிச்சிட்டுக் கிடக்கிறீங்க. எனக்கு வெக்கமா இரிக்கி. நிஸ்மியாவும் ஒவ்வொரு தரமும் சொல்றா, பாவம் வாப்பா எண்டு. இனி ஒங்களுக்குக் கஷ்டம் தரமாட்டம்."

எனக்குக் கஷ்டமில்லை மகன், அந்தக் கஷ்டம்தான் எனக்கு வேணும் என்று உசனார் சொல்ல வேண்டும். நான்தான் ஸ்குரூவைத் தளர்த்தினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் மாப்பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை, கடைக்காரன் முன்னால், பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் எப்படி அவிழ்ப்பது? "ஒங்கட விருப்பம் மகன்" என்றார்.

இஷாம் வயரில்லாத செட்டை எடுத்தான். பில் போடும் நேரத்தில் அவனுடைய கண் தட்டில் இருந்த இன்னொரு சின்ன ஸ்பீக்கரில் விழுந்தது. "ஹலீம், இதையும் இந்த செட்டோட சேக்கலாமா?"

"சேக்கலாம். வைஃபை எட்டுற எடமெண்டா எந்த ரூமிலயும் வெக்கலாம்."

"அப்ப இதையும் போடு. இது மாமாட ரூமுக்கு." இஷாம் உசனாரின் பக்கம் திரும்பிச் சிரித்தான். மனசாரச் சிரித்தான். "இனி நீங்க எழும்பி வரவே தேவல்ல மாமா. அங்கயே படுத்துக்கிட்டுக் கேக்கலாம்."

அவன் அதைத் தன் கைக்காசில், கேட்காமலே வாங்கினான். அதில் ஒரு கெட்ட எண்ணம் இருந்திருந்தால் உசனார் கோபித்திருக்கலாம். கோபிக்க ஒன்றும் இல்லாததுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை.

புது செட்டைப் பூட்ட ஒரு பின்னேரம்கூட எடுக்கவில்லை. பூட்டுவதற்கே ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர்களை வைத்தார்கள், பிளக்கில் குத்தினார்கள். இஷாம் போனைத் தடவினான்; ஐந்தும் பேசின. உசனார் ஸ்குரூ ட்ரைவரோடு வந்து கதவடியில் நின்றார். "வாப்பா, ஒண்டும் செய்யத் தேவல்லையாம், எல்லாம் போன்லயே செய்யலாமாம்" என்றாள் நிஸ்மியா சந்தோஷமாக. ஹிக்மா பழைய ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பின்னறையில் அடுக்கினாள். சுவருக்குள் இருந்த வயரை அப்படியே விட்டுவிட்டார்கள். சுவரில் இருந்த சின்னப் பெட்டிகளுக்கு இஷாம் வெள்ளை மூடி வாங்கிப் போட்டுவிட்டான்.

சின்ன ஸ்பீக்கரை உசனாரின் கட்டில் தலைமாட்டில், ஸஹீதா மருந்துப் போத்தல்கள் வைக்கும் இடத்தில் வைத்தார்கள். நிஸ்மியா தானே துடைத்து வைத்தாள். "வாப்பாக்கு இனிப் பொழுது போகும்" என்றாள். அன்றையிலிருந்து ஹோலில் என்ன ஓடினாலும் பின்னறையிலும் ஓடியது. செய்தி வந்தது, கார்ட்டூன் வந்தது, மார்க்கப் பயான் வந்தது. மருந்துக் கம்பனி விளம்பரமும் வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான்: யாரும் கிணற்றடிக்கு வந்து கூப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்க வரும்போது நிஸ்மியா ஸ்பீக்கரைப் பார்ப்பாள். அது பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு நிம்மதி. வாப்பா தனியே இல்லை என்று நினைத்துக்கொள்வாள். முன்பு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் இப்போது நிற்பதில்லை.

மழை விட்டிருந்த ஒரு லீவு நாள் பின்னேரம் கிரிக்கெட் நடந்தது. இலங்கை பந்து வீசிக்கொண்டிருந்தது. உசனார் அஸர் தொழுதுவிட்டுக் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த விஷயத்தைக் கவனித்தார். ஹோலில் ஹிக்மா "அவுட்!" என்று கத்துவது முற்றத்தைத் தாண்டி வந்து காதில் விழுகிறது; இஷாம் கைதட்டுகிறான்; நிஸ்மியாகூட "யா அல்லாஹ்" என்கிறாள். ஆனால் தலைமாட்டில் இருக்கிற பெட்டியில் பந்து வீச வருகிறவன் இன்னும் ஓடிவந்துகொண்டுதான் இருக்கிறான். மூச்சுவிடும் நேரம் கழித்துத்தான் இங்கே விக்கெட் விழுகிறது. வயரில்லாமல் வருகிற சத்தம் இந்த அறைக்கு வந்து சேரக் கொஞ்சம் பிந்துகிறது. உசனாருக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. அடுத்த விக்கெட்டுக்கும் அப்படித்தான். அவர்கள் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். தனியே சிரித்த அந்தச் சத்தம் அறைக்குள் அந்நியமாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

தாங்கவில்லை. மனிதர் எழும்பினார்.

அலுமாரியைத் திறந்து இஸ்திரி போட்ட சேட்டை எடுத்துப் போட்டார். ஸ்குரூ ட்ரைவரை எடுக்கவில்லை. தன் மகள் வீடு, தன் பேத்தி, தானே வைத்த கதவு. கேட்டால் என்ன? நானும் இங்க இருந்து பாக்கட்டா மகன் என்று கேட்க வேண்டியதுதானே. அந்தப் பேச்சை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து, அடுப்படிக் குசினி வழியாகப் போய், ஹோல் கதவில் நின்றார்.

இஷாம் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தான். மாமனாரைக் கண்டதும் பதறி எழும்பினான்; மடித்த சாரனை அவிழ்த்து விட்டான். அவனுடைய மடியில் சாய்ந்திருந்த நிஸ்மியா எழும்பித் தலைத்துண்டை இழுத்துப் போட்டாள். ஹிக்மா மட்டும் டீவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. கணத்துக்கு முன்னர் வரைக்கும் மூன்று பேரும் ஒரே பந்தாகச் சுருண்டு கிடந்த சோபாவில் இப்போது ஹிக்மா மட்டும் இருந்தாள்.

"என்ன வாப்பா?" என்றாள் நிஸ்மியா. அவள் முகத்தில் உண்மையான கவலை. "சத்தம் வருதில்லையா?"

உசனார் வாயைத் திறந்தார். சொல்லிப் பார்த்த பேச்சு வந்து சேரவில்லை.

"நில்லுங்க மாமா, நான் கூட்டி விடுறன்." இஷாம் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டான். நின்ற இடத்தில் நின்றபடியே விரலால் மேலே தள்ளினான். முற்றத்துக்கு அப்பால், ஆளில்லாத பின்னறைக்குள் இருந்து சனத்தின் ஆரவாரம் பெரிதாகக் கிளம்பியது. கிணற்றடிக் காகங்கள் எழும்பிப் பறந்தன.

"இப்ப கேக்குதா மாமா?"

இஷாம் நின்றுகொண்டிருந்தான். உசனார் நிற்கும் வரைக்கும் அவன் இருக்கமாட்டான். நிஸ்மியாவும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் அன்போடுதான் நின்றார்கள், அவர் சொல்லப்போகும் பதிலுக்காக.

"ஓம் மகன். கேக்குது" என்றார் உசனார். "நல்லாக் கேக்குது."

திரும்பிக் குசினி வழியாக வெளியே இறங்கினார். பின்னால் சோபாவின் ஸ்பிரிங் நெரிந்தது. அவர் கிணற்றடிக்கு வந்தபோது ஹோலில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அது என்னவென்று கேட்க உசனார் தன் அறையை நோக்கி வேகமாக நடந்தார்.